அரிப்புக் கரையின் கேளாத காதுகள்: முதுமையிலும் செவிப்புலனை மீட்க முடியுமா?

மன்னார் மாவட்டம் முசலிப் பிரதேசத்தின் அரிப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முத்துக்குளிப்பும், கடலரிப்பால் இடிந்துகொண்டிருக்கும் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் மாளிகையும்தான். அந்த முத்துக்களுக்காகச் சுழியோடிகள் கொடுத்த விலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அருகிலுள்ள கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 1803இல் வெளிவந்த தனது நூலில் எழுதிய ரொபேர்ட் பேர்சிவல், மேலே வந்தவர்களின் வாய், மூக்கு, காதுகளில் இருந்து நீரும், பல வேளைகளில் இரத்தமும் வெளியேறியதாகக் குறிப்பிடுகிறார்.

காரணம் அழுத்தம். கடலில் 10 மீற்றர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்காகிறது. நடுக்காதிலுள்ள காற்று அதற்கேற்பச் சமப்படாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் கிழியலாம். எறிகணை வெடிக்கும்போது இதைப் போன்ற அழுத்த மாற்றம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்கிறது. அது உட்காதின் நுண்மயிர்க் கலங்களையும் சிதைக்கக்கூடும்.

கேளாமையின் வகையைப் பொறுத்தே சிகிச்சை அமையும். காதழுக்கு, செவிப்பறைத் துளை, நாட்பட்ட சீழ் போன்றவை ஒலி உள்ளே செல்லும் வழியைத் தடுப்பவை. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். காதுக்கு மேற்புறத்தில் இருந்து எடுக்கும் மெல்லிய சவ்வால் செவிப்பறைத் துளையை மூடும் சத்திரசிகிச்சை முதியவர்களுக்கும் செய்யப்படுகிறது. உட்காதின் மயிர்க்கலங்களோ மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. அங்கே எஞ்சியிருக்கும் கேட்கும் திறனைச் செவிப்புலன் கருவி பயன்படுத்துகிறது. கருவியாலும் பயனில்லாத அளவுக்குப் பாதிப்பு இருந்தால், செவிநரம்பை நேரடியாகத் தூண்டும் கொக்லியர் உள்வைப்பு உண்டு. அது சிறுவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

அரிப்பில் நான் சந்தித்த முதியவர் ஒருவர் முன்னர் சங்கு குளித்தவர். சிறுவயதிலேயே காதில் சீழ் வடிந்து, பாதிக் கேள்வியோடு வாழ்ந்தவர். போர்க்காலத்தில் சோதனைச் சாவடியை நெருங்கும்போதெல்லாம் துணைக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டே நடந்ததாகச் சொன்னார். ‘நில்’ என்ற சொல் கேட்காவிட்டால் உயிரே போகக்கூடிய காலம் அது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, நிவாரணத்துக்குத் தன் பெயர் கூப்பிட்டால் தோளில் தட்டும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வைப்பாராம். அறுபது வயது கடந்த பின்னர்தான் கருவி கிடைத்தது. முதல் நாளே அதைக் கழற்றி எறிய நினைத்தாராம். மீன் பொரியும் ஓசையும் சட்டிபானைச் சத்தமும் தலைக்குள் இடித்திருக்கின்றன.

இது கருவியின் பழுதல்ல. பல ஆண்டுகள் குறைந்த ஒலிக்குப் பழகிய மூளை, எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்பதை மீண்டும் கற்க வேண்டும். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசிப் பழகி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவது நல்லது. சந்தையும் கோவில் திருவிழாவும் பிறகு. ஒலி அளவு பொருந்தாவிட்டால் கருவியைப் பெட்டிக்குள் போடாமல், கொடுத்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

வீட்டாருக்கும் பங்குண்டு. கத்திப் பேசினால் சொற்கள் சிதையும். முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் செவிப்புலன் மறுவாழ்வு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கேளாமையைச் சேர்த்துள்ளது.

குண்டுச் சத்தத்தில் போன காது இனி வராது என்று எம்மவர் பலர் தாமே முடிவுகட்டி விடுகிறார்கள். அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனைதான். வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் செவிப்புலன் பரிசோதனை செய்யுங்கள். கருவிக்கு உதவி கிடைக்குமா எனப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். திடீரெனக் காது அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.