வைக்கோல் மட்டும் போதுமா? கறவை மாட்டுக்கு வேண்டிய சத்துக்கள்

பெரியாறு அணைத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. எனவே இப்பகுதியில் வைக்கோலுக்குக் குறைவில்லை. படப்பு நிறைய வைக்கோல் இருந்தால் தீவனக் கவலை இல்லை என்று மாடு வளர்ப்போர் பலர் கருதுகின்றனர். ஆனால் வயிறு நிறைந்த மாட்டுக்கும் சத்துக்குறைவு உண்டாகும். பால் குறைவது, பருவத்துக்கு வராமல் நாள் கடத்துவது, சினை பிடிக்காதது ஆகியவற்றுக்குப் பல சமயங்களில் தீவனக் குறைபாடே காரணமாகிறது.

மேகமலை, வருசநாட்டு மலைப்பகுதிகளில் மேய்ந்த மலைமாடுகள் புல்லும் தழையும் காயுமாகத் தின்று, வேண்டிய சத்தைத் தாமே தேடிக்கொண்டன. மேகமலை 2021-ல் புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்க்க 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மேய்ச்சல் இழந்த மாட்டுக்கும், தொழுவத்தில் கட்டி வளர்க்கும் கலப்பினப் பசுவுக்கும் வளர்ப்பவர் கொண்டுவந்து போடுவது மட்டுமே உணவு. எனவே எந்தத் தீவனத்தில் எந்தச் சத்து உள்ளது என்பதை அறிந்து கொடுப்பது அவசியம்.

ஆறு வகைச் சத்துக்கள்

தண்ணீர், மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், தாது உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகிய ஆறும் கால்நடைகளுக்குத் தேவை. மாவுச்சத்தும் கொழுப்பும் உடல் இயங்கவும் பால் சுரக்கவும் சக்தி தருகின்றன. புரதம் தசையை வளர்க்கிறது, பாலிலும் சேருகிறது. சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் எலும்புக்கும் பாலுக்கும் வேண்டும். உயிர்ச்சத்து 'ஏ' கண்ணுக்கும் கருப்பைக்கும் இன்றியமையாதது. 'பி' வகை உயிர்ச்சத்துக்களைப் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே தயாரித்துக் கொடுத்துவிடும்.

வைக்கோலின் குறை

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். அதிலும் பெரும்பகுதி செரிப்பதில்லை. உயிர்ச்சத்து 'ஏ' அனேகமாக இல்லை. வைக்கோலில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்து உடலில் சேருவதையும் தடுக்கிறது. வாழை வெட்டியபின் போடும் தண்டிலோ நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீரே.

வைக்கோலைச் செரிக்கச் செய்பவை பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள். அவை பெருகத் தழைச்சத்து தேவை. ஆகவே வைக்கோலுடன் புரதம் மிகுந்த தீவனம் சிறிது சேர்த்தாலும், அந்த வைக்கோலே முன்னைவிட நன்றாகச் செரித்து மாட்டுக்குப் பயன்படும்.

குறையை நீக்கும் வழிகள்

வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சவுண்டல், கிளிரிசிடியா மரங்களை வளர்க்கலாம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் சில சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் பயிரிடலாம். புல் 3 பங்கும் பயறுவகைத் தீவனம் 1 பங்கும் கலந்து கொடுப்பது நல்லது. சவுண்டல் தழை, பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

அடர்தீவனத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். 100 கிலோ கலவைக்கு அரைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 35 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 25 கிலோ, தவிடு 37 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ போதும். பசுவின் உடல் பராமரிப்புக்கு நாள்தோறும் ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோவும் கொடுக்க வேண்டும். இக்கணக்கின்படி 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஐந்தரைக் கிலோ தேவை. இந்த அளவைச் சில நாட்களில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். திடீரென்று கூட்டினால் செரிமானம் கெடும்.

பசுந்தீவனம் கிடைக்காத காலத்தில் யூரியா வைக்கோல் உதவும். 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து மிதிக்க வேண்டும். காற்றுப் புகாமல் பாலிதீன் தாளால் 21 நாட்கள் மூடி வைக்க வேண்டும். பின்னர் அன்றன்று தேவையானதை எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைத்துப் போடலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே கரைசல் பாத்திரத்தை மாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கண்டறியும் அடையாளங்கள்

மாடு சுவரை நக்குவதும் துணி, எலும்பைக் கடிப்பதும் மணிச்சத்துக் குறைவைக் காட்டும். மாலை மங்கியதும் தடுமாறுவது உயிர்ச்சத்து 'ஏ' குறைவின் அறிகுறி. அதிகம் கறக்கும் பசு ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிட்டால் அது பால்காய்ச்சலாக இருக்கலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

தண்ணீரையும் மறக்கலாகாது. கறவைப் பசு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு வேளை காட்டுவதைவிட, எந்நேரமும் தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்கச் செய்வதே சிறந்தது.

சினை பிடிக்கவில்லை என்று நல்ல பசுவை அடிமாட்டு விலைக்கு விற்பவர்கள் உண்டு. அவ்வாறு விற்கும் முன், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் பசுவைக் காட்டி, குடற்புழு நீக்கி, பசுந்தழையும் தாது உப்பும் இரண்டு மூன்று மாதங்கள் தவறாமல் கொடுத்துப் பார்ப்பது நல்லது. சத்துக்குறைவுதான் காரணம் என்றால், பசு பருவத்துக்கு வந்து சினை பிடிக்கும். வீட்டு வருமானமும் தொடரும்.