அம்மா போட்ட எதிர் மனு

ராத்திரி ஏழரை மணி ஆனால் எங்கள் வீட்டு டி.வி. வாயை மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அம்மா மூடுவாள். சீரியலில் மாமியார் விஷம் கலந்த பாலை மருமகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நாலு பந்தில் ஏழு ரன் என்று கிரிக்கெட் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி... ஜெபமாலை என்றால் ஜெபமாலைதான்!

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஜெபமாலையில் மொத்தம் 53 'அருள்நிறை மரியே' உண்டு. ஆரம்பத்தில் மூன்று, அப்புறம் பத்துப் பத்தாக ஐந்து. வேகமாகச் சொன்னால் பதினைந்து நிமிஷம். அம்மா சொன்னால் இருபத்தைந்து. சின்ன வயதில் நானும் தம்பியும், எதிராளி தன் பத்தை ஒன்பதிலேயே முடித்து ஏமாற்றுகிறானா என்று விரல் விட்டு ஆடிட் செய்துகொண்டிருப்போம். பிற்பாடு நான் பி.காம். சேர்ந்ததற்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களது ஒன்றுதான். பக்கத்து வீடு ஆச்சி வீடு. அவருக்குக் கொப்புடையம்மன். அம்மாவுக்கு செக்காலை சகாய மாதா. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது காம்பவுண்ட் சுவர். அதன் மேலாக முறுக்கு, சீடை, கிறிஸ்துமஸ் கேக், ஊர்வம்பு எல்லாம் பல வருஷமாகக் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

நான்? கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலை காட்டுகிற கிறிஸ்தவன். ஜெபம் என்பதே ஒரு கொடுக்கல் வாங்கல் என்பது என் கட்சி. மெழுகுவர்த்தி அட்வான்ஸ், மொட்டை செட்டில்மென்ட். ஒருமுறை இதை அம்மாவிடமே சொன்னேன். "அதுக்கு எதுக்குடா கோயிலு? அடகுக்கடை போதுமே" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

போன பிப்ரவரியில் அம்மாவை ஓரியூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ("ப்ரீலான்ஸ்னா லீவுலயே வேலை பாக்குறதுதானே, வா.") தேவகோட்டை போய், திருவாடானை தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அப்புறம் திடீரென்று திருவிழாக் கூட்டம். சிவகங்கை மறைமாவட்டத்தில் ஓரியூரைத் தெரியாத கத்தோலிக்கக் குடும்பம் இருக்காது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருகிறார்கள். மொட்டை போடுகிறார்கள். குழந்தை வரம் கேட்பவர்கள் தென்னங்கன்று நேர்ந்துகொள்கிறார்கள். நானே ஒரு தென்னங்கன்றுதான்! கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து அம்மா கொடுத்தது.

இங்கேதான் 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஜான் தே பிரிட்டோவைக் கொன்றார்கள். நம் ஆட்களுக்கு அருளானந்தர். அன்றைக்கு சாம்பல் புதன். பழைய ஆட்கள் விபூதிப் புதன் என்பார்கள். ரத்தம் பட்டதால் அந்த இடத்து மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்தச் சிவப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருக்கிறது.

ஏன் கொன்றார்கள்? அதுவும் ஒரு குடும்பக் கதைதான். மறவர் சீமையின் தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது விதி. விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒரு பெண் கிழவன் சேதுபதிக்கு உறவு. அழுகை அரண்மனைக்குப் போயிற்று, தீர்ப்பு ஓரியூருக்கு வந்தது.

பிரசங்கத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா என் காதுக்குள் சொன்னாள்: "அந்தப் பொண்ணு என்னடா பாவம் பண்ணுச்சு? நேத்துவரைக்கும் பொண்டாட்டி, இன்னைக்கு இல்லைன்னா எங்க போகும்? அது அழுததும் ஒரு ஜெபந்தான்."

நல்லவேளை, சாமியார் மைக்கில் இருந்தார்.

அம்மாவுக்குப் பிடித்தமான ஆள் அருளானந்தர்கூட இல்லை. அவருடைய அம்மா! பியாட்ரிஸ் என்று பெயர். லிஸ்பன் நகரத்துப் பெரிய குடும்பம். கணவர் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவுக்கு கவர்னராக இருந்தவர், சீக்கிரமே இறந்துபோனார். 1647-ல் பிறந்த பையன் ஜான் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தான். சிறுவனாக இருக்கும்போதே உயிருக்கு ஆபத்தாகப் படுத்துவிட்டான். பியாட்ரிஸ் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் அவனுக்குச் சேசு சபைச் சாமியார் மாதிரி அங்கி போட்டுவிடுகிறேன்.

பிழைத்தான். அங்கி போட்டாள். ஒரு வருஷம் கழித்துக் கழற்றியும் விட்டாள். ஆனால் பையன் மனசிலிருந்து அது கழலவில்லை. 15 வயதில், 1662-ல் சேசு சபையில் சேர்ந்துவிட்டான். அப்புறம் இந்தியாவுக்குப் போகிறேன் என்று நின்றான். அந்த நாளில் இந்தியா என்றால் கப்பலில் மாதக்கணக்கு. பாதிப் பேர் கரை சேர்வதே சந்தேகம்.

பியாட்ரிஸ் விடவில்லை சார். தன் செல்வாக்கையெல்லாம் இறக்கினாள். போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய் மகனை நிறுத்தப் பார்த்தாள். நடக்கவில்லை. 1673-ல் கப்பல் கிளம்பிவிட்டது. மகன் மதுரை மிஷனுக்கு வந்து, பண்டாரசாமி வேஷத்தில் காடுமேடெல்லாம் நடந்தான். 1686-ல் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தான். அப்புறம் சபை வேலையாக லிஸ்பன் போனான். பல வருஷத்துக்கு அப்புறம்! கூட வளர்ந்த இளவரசர் அப்போது ராஜா. இங்கேயே இரு என்றார். இருக்கவில்லை. 1690-ல் திரும்பிவிட்டான்.

அவன் செத்த செய்தி லிஸ்பன் போய்ச் சேர மாதக்கணக்கானது. ராஜா நன்றி வழிபாடு நடத்தினார். அதற்கு அம்மா துக்க உடையில் வரவில்லை, திருநாள் உடையில் வந்தாள் என்கிறார்கள். இந்த இடத்தில் பிரசங்கம் செய்பவர்களின் குரல் எப்போதும் உயரும். 'எப்பேர்ப்பட்ட விசுவாசம்!'

அம்மா இந்த இடத்தில் தலையை ஆட்ட மாட்டாள். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "பட்டு உடுத்திக்கிட்டு வந்ததை எல்லாரும் பாத்தாங்க. அதுக்கு மொத நாள் ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணினாள்னு யாருடா பாத்தா? கடைசியா ஜெயில்ல கரியைக் கரைச்சு லெட்டர் எழுதினாராம்ல... யாருக்கு?"

"கூட இருந்த சாமியார்களுக்கு."

"அதானே" என்றாள். புளிச்சாதத்தில் கல் இருந்த மாதிரி கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தாள்.

அப்புறம்தான் அந்த விஷயம் வந்தது.

என் தம்பி 2016-ல் சிங்கப்பூர் போனான். டிப்ளமோ முடித்த பையன், 22 வயது. எங்கள் பக்கத்துக்கு சிங்கப்பூர் ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதுசு. அப்பா 2012-லேயே போய்விட்டார். அவர் படுத்திருந்த ஆறு மாசமும் அம்மா ராத்திரி பகலாக ஜெபித்தாள். பலிக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று ஜெபமாலையை ஆணியில் மாட்டியவள் மூன்று மாசம் தொடவில்லை. ஏழரை மணிக்கு டி.வி. தாராளமாக ஓடிற்று. எங்களுக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் தம்பி கேட்டான், "இன்னைக்கும் ஜெபம் கிடையாதாம்மா?" அம்மா சொன்னாள், "கேக்குறதுக்கு ஒண்ணுமில்லடா." அவன், "ஒண்ணும் கேக்காம சும்மா சொல்லுவோமே" என்று ஆணியிலிருந்து மாலையை எடுத்துக் கையில் கொடுத்தான். அந்தப் பிள்ளைதான் சிங்கப்பூர் போகிறேன் என்று நின்றது.

எஸ் பாஸ் வருமா வராதா என்று ஆறு வாரம் இழுத்தடித்தது. அம்மா புதன்கிழமை தவறாமல் சகாய மாதா நவநாளுக்குப் போனாள். ஆச்சி இந்தப் பக்கம் கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டார், "நம்ம புள்ளைக்குப் பாஸ் வந்துரணும் தாயே" என்று. இரண்டு தாய்மாரும் சேர்ந்து சிபாரிசு செய்தால் சிங்கப்பூர் அரசாங்கம் என்ன செய்யும் என்று நான்கூட ஜோக்கடித்தேன்.

ஓரியூர் மரத்தடியில் அம்மா சொன்னாள்: "நான் பாஸ் வரக்கூடாதுன்னுதான்டா வேண்டினேன்."

எனக்குப் புரை ஏறிவிட்டது.

"ஆறு வாரமுமா?"

"ஆறு புதன்கிழமையும். பெரிய மெழுகுவத்தியா வாங்கி ஏத்தி."

ஆக, காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் மனு, இந்தப் பக்கம் எதிர் மனு! ஆச்சி பக்கம் தீர்ப்பாகிவிட்டது. பாஸ் வந்தது. ஆச்சி தேங்காய் உடைத்துப் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கியதை நான் பார்த்தேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். 'இவளுக்கு அழுகையே வரலையே' என்று சித்திகூட ஆச்சரியப்பட்டாள்.

"முதல்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமியார் சிரிச்சாரு. மோனிகம்மா கதையைச் சொன்னாரு."

புனித மோனிகா, அகஸ்தீனாரின் அம்மா. 4-ம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்கா. மகன் தறுதலையாகத் திரிகிறானே என்று வருஷக்கணக்காக அழுது ஜெபித்தவள். 383-ல் மகன் ரோமாபுரிக்குக் கப்பலேறப் போனபோது போகாதே என்று கார்த்தேஜ் துறைமுகம் வரைக்கும் பின்னாலேயே போனாள். 'நண்பனை வழியனுப்ப வந்தேன்' என்று பொய் சொல்லி, அம்மாவை ஒரு சிற்றாலயத்தில் தங்க வைத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மகன் கப்பலேறிவிட்டான். அவள் அந்த ராத்திரி முழுக்க ஜெபித்தது அவன் போகக்கூடாது என்றுதான். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் மகன் மிலான் போய், அம்புரோஸ் ஆயரைச் சந்தித்து, 387-ல் ஞானஸ்நானம் பெற்றான். அம்மாவும் பின்னாலேயே போய்ச் சேர்ந்து அதைக் கண்ணால் பார்த்தாள். அதே வருஷம் இறந்தாள். இதையெல்லாம் அகஸ்தீனாரே எழுதி வைத்திருக்கிறார், தான் சொன்ன பொய் உள்பட.

"அப்ப உன் எதிர் மனுவைத் தள்ளுபடி பண்ணினதுல உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டேன். பி.காம். புத்தி.

"சந்தோஷமெல்லாம் இல்லை. வீட்டுக் கடன் அடைஞ்சது அவன் காசுலதான், அது சரி. ஆனா அவன் தட்டு இன்னைக்கும் அலமாரியில சும்மாதானே இருக்கு?" கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இப்ப யாருக்கும் இது வேணும், அது வேணும்னு கேக்குறதில்ல. பேரை மட்டும் சொல்லுவேன். உன் பேரு, அவன் பேரு, ஆச்சி பேரு. பேரைச் சொன்னாப் போதும், மிச்சம் அங்க தெரியும்."

"எனக்காகவும் ஒண்ணும் கேக்குறதில்லையா?"

"உனக்கு மட்டும் கேப்பேன். மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வர்ற மாதிரி ஒரு வேலை."

தம்பி இன்றைக்கும் ஏழரைக்கு வீடியோ காலில் வருவான். அவனுக்கு அங்கே மணி பத்து. வேலை முடிந்து குளித்து, ரூமில் கீழ்க் கட்டிலில் படுத்தபடி. மூன்றாவது பத்து அவனுடையது. பாதி நாள் ஏழாவதிலேயே குறட்டை வந்துவிடும். அம்மா நிறுத்த மாட்டாள். மீதி மூன்றை அவளே சொல்லி முடித்துவிட்டு, "கட் பண்ணாதடா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்பாள். ஜெபம் முடிந்த பிறகும் போன் மேஜையில் டம்ளர் மேல் சாய்ந்து நிற்கும். அதில் அவன் நெற்றியும் சிங்கப்பூர் மின்விசிறியும் தெரியும்.

இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதிக்க. அவன் எங்க படிக்கப் போறான், ரீல்ஸ் பாக்கவே அவனுக்கு நேரம் பத்தலை. ஆச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது. தேங்காய் உடைச்ச மனுஷி."

சிக்கல் என்னவென்றால், ஆச்சி இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறவர். இந்த வாரம் பேப்பர்காரத் தம்பியைத் தெருமுனையிலேயே மடக்கியாக வேண்டும்.