தொட்டியில் ப்ளூபெர்ரி: சிறுநீரக நோயாளர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாத பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத்துடிப்பு சீர்குலையும். உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவேதான் டயாலிசிஸ் பெறுவோரிடம் வாழைப்பழத்தையும் இளநீரையும் தவிர்க்குமாறு நாங்கள் கூறுகிறோம். 'அப்படியானால் எந்தப் பழத்தை உண்பது?' என்று கேட்கும் குடும்பத்தினர் பலர், அடுத்து ப்ளூபெர்ரியைப் பற்றி வினவுகின்றனர். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. அதே எடை ப்ளூபெர்ரியில் 80 மில்லிகிராமுக்கும் குறைவு. விலையோ மிகுதி. ஆகவே வீட்டில் வளர்க்க இயலுமா என்பதைப் பார்ப்போம்.

ப்ளூபெர்ரி வட அமெரிக்கச் செடி. அங்கு நியூ ஜெர்சியில் 1916ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக வணிக அளவில் அறுவடையானது. தொட்டிக்கு ஏற்ற குட்டை வகைகளுள் 'சன்ஷைன் ப்ளூ' குறிப்பிடத்தக்கது. மூன்று, நான்கு அடி உயரமே வளரும், தனிச்செடியாகவும் காய்க்கும். எனினும் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 150 மணி நேரமாவது அதற்கு வேண்டும். ஆகவே உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வசிப்போர் முயன்று பார்க்கலாம். சமவெளியில் காய்ப்பை எதிர்பார்க்க இயலாது.

இதன் வேர்கள் மெல்லியவை, மேலோட்டமானவை. அமிலத்தன்மை மிக்க மண்ணில் மட்டுமே அவை உணவை ஈர்க்கும். கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருத்தல் நன்று. தேயிலைக்கும் ஏறத்தாழ இத்தகைய மண்ணே உகந்தது. நன்கு நீர் வடியும் அகன்ற தொட்டியில் பைன் பட்டைத்தூளும் மக்கிய இலையும் கலந்து இடலாம். சுண்ணாம்பும் சாம்பலும் கூடா. உப்புநீர் ஊற்றினால் இலை மஞ்சளாகும், மழைநீரே சிறந்தது. முதலாண்டுப் பூக்களைக் கிள்ளிவிட்டால் செடி வலுப்பெறும்.

செடியைவிட முக்கியமானது அதைப் பேணும் கை. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கையால் தொட்டியைத் தூக்கலாகாது; அக்கையில் முள்ளும் கீறலும் படலாகாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள். மண்ணிலும் மக்கிய உரத்திலும் உள்ள பூஞ்சைகளும் கிருமிகளும் அவர்களது நுரையீரலைத் தாக்கக்கூடும். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் அவர்கள் மண்ணைத் தொடவே வேண்டாம். பின்னரும் மருத்துவர் இசைவு தந்த பிறகே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தொடுக. தொட்டியில் மண் நிரப்பும் பணியைக் குடும்பத்தினர் ஏற்பதே நலம்.

சமவெளியில் வாழ்வோர் ஏங்க வேண்டியதில்லை. ஆப்பிள், அன்னாசி ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 110 மில்லிகிராம் பொட்டாசியமே உள்ளது. அன்னாசி மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும். அதன் இலைமுள்ளில் மட்டும் கவனம் தேவை. ஆனால் நட்சத்திரப்பழத்தைச் சிறுநீரக நோயாளர் ஒரு துண்டும் உண்ணலாகாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மூளையைத் தாக்கி, தீராத விக்கல், குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும், மரணமும் நேர்ந்துள்ளது.

பொட்டாசியம் குறைந்த பழமும் அளவு மீறினால் சுமையே. ஒரு வேளைக்கு எவ்வளவு உண்ணலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவே தீர்மானிக்கும். அடுத்த வருகையின்போது உணவியல் வல்லுநரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.