வெள்ளை போர்டில் ஒரு சீட்

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தைய இரவு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட பிறகும், ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி பெருங்களத்தூரில்தான் நிற்கிறது. வருகிற பஸ்ஸெல்லாம் படிக்கட்டு வரை நிரம்பி வருகிறது. "திருச்சி, திருச்சி... ரெண்டு சீட்டு, ரெண்டே சீட்டு" என்று ஒருவர் எங்கள் பைகளைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே நடக்கிறார். கொஞ்சம் தள்ளி, வெள்ளை நம்பர் பிளேட்டோடு ஒரு கார். சீட்டுக்கு 1,200 ரூபாய். ஏறிவிட்டேன்.

பரனூர் டோல்கேட் தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "யாராச்சும் நிறுத்திக் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்கண்ணே. கல்யாணத்துக்குப் போறோம்னு." ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாத நான்கு பேரும் தலையாட்டினோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால், இரண்டு மணி வாக்கில், அவருக்குக் கண் அசந்தது. கார் சென்டர் மீடியனில் உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா மட்டும் ரோட்டோரம் உட்கார்ந்து, "ஏதாவது ஆகியிருந்தா யார்கிட்டப் போய்க் கேக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓட்டுநருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரில் செலவைப் பங்கிட்டுப் போவது நல்ல பழக்கம். ஒற்றை ஆள் உட்கார்ந்த கார்களும் சேர்ந்துதான் பண்டிகை நாளில் பரனூரில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பெட்ரோலே இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். டோலும் சேர்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 625. பிரான்சில் 2006-இல் தொடங்கிய பிளாபிளாகார் இந்தக் கணக்கை வைத்துத்தான் வளர்ந்தது. 2015-இல் இந்தியாவுக்கும் வந்தது. காருக்குச் சொந்தக்காரர் எப்படியும் போகிற ஊர், எப்படியும் ஆகிற செலவு, அதில் பங்கு மட்டும்தான், லாபம் கூடாது என்பது அதன் விதி. நான் ஏறிய காரில் நான்கு சீட்டுக்கு 4,800 ரூபாய் வசூலானது. அது செலவுப் பங்கு ஆகாது. பர்மிட் இல்லாத டாக்ஸி அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி, பர்மிட் இல்லாமல் எந்த வண்டியையும் கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் வண்டியாக ஓட்டக்கூடாது. மீறினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. வண்டியை அங்கேயே பிடித்துவைக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. நடுராத்திரி விக்கிரவாண்டியில் கார் பிடிபட்டால், பையும் பிள்ளையுமாக இறங்கி நிற்கப்போவது பயணிகள்தான்.

அப்படியானால் பெட்ரோலுக்குப் பங்கு கொடுப்பதும் குற்றமா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் நம் சட்டத்தில் இல்லை. பிரிட்டனில் இருக்கிறது: லாபமில்லாமல் செலவை மட்டும் பங்கிட்டால் அது வாடகை ஓட்டம் ஆகாது என்று அங்கே 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே, 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. சொந்தக் காரில் உரிமம் பெற்ற செயலி வழியாக ஊருக்குள் ஒரு நாளைக்கு நான்கு பகிர்வுப் பயணம், வெளியூருக்கு வாரத்துக்கு இரண்டு, ஏறுகிறவர்களுக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு, பெண்கள் விரும்பினால் பெண்களோடு மட்டும் போகிற வசதி என்று அதில் எழுதியிருந்தது. மாநில அரசு ஏற்று உரிமம் கொடுத்தால்தான் அதற்கு உயிர் என்றிருந்தது. 2023-இல் பெங்களூரில் கார் பகிர்வு செயலிகளையும் அவற்றில் ஓடிய வெள்ளை போர்டு கார்களையும் போக்குவரத்துத் துறை தடுக்கப்போய், பெரிய சர்ச்சையே நடந்தது. "காரைப் பகிருங்கள்" என்று ஒரு வாயும் "பிடித்தால் அபராதம்" என்று இன்னொரு வாயும் பேசுகிற நிலை நல்லதில்லை. எத்தனை ரூபாய் வரை வாங்கினால் பங்கு, எதற்கு மேல் போனால் வாடகை என்று அரசு ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் நேர்மையாகப் போகிறவர் பயமில்லாமல் போவார்.

அபராதம்கூடச் சின்ன விஷயம்தான். பெரிய ஆபத்து டேஷ்போர்டில் மடித்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் காகிதத்தில் இருக்கிறது. அன்றிரவு கிரேன் வருவதற்காகக் காத்திருந்தபோது ஓட்டுநர் அதை எடுத்து செல்போன் வெளிச்சத்தில் விரித்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கிய காகிதம். 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, எந்தெந்தப் பயன்பாட்டுக்கு இந்தப் பாலிசி செல்லாது என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது 'ஹையர் ஆர் ரிவார்டு'. வாடகைக்கோ கைமாறாகவோ ஆள் ஏற்றினால் செல்லாது என்று அர்த்தம். நாட்டில் ஓடுகிற எந்தச் சொந்தக் காரின் பாலிசியை எடுத்துப் பார்த்தாலும் இந்த வரி இருக்கும். உங்கள் வண்டியின் காகிதத்தை இன்றைக்கே எடுத்து ஒரு தரம் பாருங்கள்.

இதற்கு முன்பே இன்னொரு பள்ளம் இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றுக்கு வெறும் 'தேர்ட் பார்ட்டி' மட்டும்தான் கட்டியிருப்பார்கள். சொந்த வண்டியில் சும்மா ஏறி வருகிறவர் அந்தப் பாலிசிக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ரோட்டில் நடந்துபோகிறவர் மேல் கார் மோதினால் அவருக்கு இழப்பீடு உண்டு. காருக்குள் இருக்கிற உங்களுக்கு இல்லை. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் உண்டு என்று 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் நீங்கள் கட்டணம் கொடுத்து ஏறியவர் என்று தெரிந்த நிமிடம், அந்த ஃபுல் இன்சூரன்ஸையும் மறுக்க கம்பெனிக்குச் சட்டத்தில் வழி கிடைத்துவிடுகிறது. சில வழக்குகளில் "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவதுண்டு. அப்படிக் கிடைத்தால் நல்லது. கிடைத்தே தீரும் என்று நம்பி ஏறக்கூடாது.

"சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க" என்ற வார்த்தையின் பின்னால் இவ்வளவு இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடுமோ என்று பயந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறவர்கூட போலீசிடம் "அவர் என் மாமா பையன்" என்று வாக்குமூலம் கொடுக்க நேரலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜிபேயில் போன 1,200 ரூபாய் அழியாது. வாட்ஸ்அப்பில் "சீட் கன்ஃபர்ம்" என்று வந்த செய்தியும் அழியாது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் உடைந்தால், உண்மையாகச் சொன்ன மற்றதெல்லாம் சேர்ந்து உடையும். கம்பெனி மறுத்தாலும் ஓட்டுநரும் உரிமையாளரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அவர்கள் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கு அவர்கள் சொத்திலிருந்து இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதையே காரை ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மதுரைக்குப் போகிற ஒரு ஐடி ஊழியர் பெட்ரோல் காசுக்காக மூன்று பேரை ஏற்றுகிறார். சம்பாதிக்கிற வயதில் இருக்கிற ஒருவர் அந்தக் காரில் இறந்துபோனால் இழப்பீடு பல லட்சங்களுக்குப் போகும். கம்பெனி விலகிக்கொண்டால் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த இளைஞர்தான் அதையும் கட்ட வேண்டும். சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரிந்தவர்களோடு, ஒரே அலுவலகத்துக்காரர்களோடு போங்கள்; பெட்ரோல், டோல் கணக்குக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்; பேக்கேஜ் பாலிசியோடு, உடன் வருகிறவர்களுக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தாலும் சட்டச் சிக்கல் முழுதாகத் தீராது. குறையும்.

டிக்கியில் என்ன ஏறுகிறது என்றும் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக வருகிற காரில் யாரோ ஒருவர் பையில் பாட்டில்கள் இருந்தால், மதுவிலக்குச் சட்டத்தில் காரும் சேர்ந்து பறிபோகலாம். கஞ்சா என்றால் இன்னும் மோசம். எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்கிற சுமை கார்க்காரர் தலையில் விழும்.

ஏறுகிறவர் என்ன பார்க்க வேண்டும்? முதலில் நம்பர் பிளேட். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வண்டி என்றால் பச்சை போர்டு. அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை, வெள்ளையாக இருந்தால் சொந்தம். மஞ்சள் போர்டு டாக்ஸியிலும் சீட் சீட்டாக விற்று வழியில் ஆள் ஏற்றுவது பர்மிட்டை மீறிய செயல்தான். ஆனாலும் அந்த வண்டிக்குப் பயணிகளையும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டுவது வழக்கம், எஃப்.சி. உண்டு. 2019 ஜனவரி முதல் பதிவான பொதுச் சேவை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் நான் மஞ்சள் போர்டில்தான் ஏறுவேன்.

அடுத்தது எம்பரிவாகன் செயலி. வண்டி எண்ணைத் தட்டினால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, வண்டி எந்த வகை என்று காட்டிவிடும். 'மோட்டார் கார்' என்றிருந்தால் சொந்த வண்டி. 'மோட்டார் கேப்' என்றிருந்தால் டாக்ஸி. ஏறுவதற்கு முன் அரை நிமிட வேலை. நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், இருப்பிடத்தை ஷேர் செய்யுங்கள். அதை ஓட்டுநர் காதில் விழுகிற மாதிரி, "நம்பர் அனுப்பிட்டேம்மா, பாத்துக்கோ" என்று போனில் சொல்லுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதைவிட, மீடியனில் உரசிய நொடியில் அந்தக் குழந்தை அம்மாவின் மடியிலிருந்து முன் சீட்டுவரை போனதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ராத்திரி ஓட்டுநரிடம் "பகல்ல தூங்கினீங்களாண்ணே?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் "சீட் இருக்கு, ஐந்நூறு அனுப்புங்க" என்று வருகிற செய்திக்குப் பணம் அனுப்பி ஏமாந்தால் 1930-க்கு உடனே பேசுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். செயலியில் பதிவு செய்து ஏமாந்தால், அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "நாங்க வெறும் ஆப் தான்" என்று கையை விரித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. வழியில் ஓட்டுநரின் போக்கு சரியில்லை என்றால் 112. பெண்களுக்கு 181-உம் உண்டு.

விபத்து என்றால் முதலில் 108. நெடுஞ்சாலையில் 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். காரின் போர்டு என்ன நிறம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிறகு எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கெடு இது. காரியம், கருமாதி என்று நாள் கடத்துகிற குடும்பங்கள் இதைத்தான் தவறவிடுகின்றன.

அந்த அம்மாவுக்குத் துறையூர் பக்கம். விடிகாலையில் ஓர் அரசு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம், பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது: விபத்து உளுந்தூர்ப்பேட்டையில் நடந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லைங்க, நீங்க இருக்கிற பகுதிக்கான மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். போன் நம்பர் 15100.