தெளிவும் தூய்மையும்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் உயிர் வாழ ஏற்ற நீர் ஆகிவிடுவதில்லை. புதிய மீன்தொட்டியில் மீன்கள் மடிவது ஏன், அத்தொட்டியின் நீர் வாழ்வுக்கு உரியதாவது எவ்வாறு என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

புதிய கண்ணாடித் தொட்டியைக் கழுவி, மணலும் கூழாங்கல்லும் பரப்பி, நீர் நிரப்பி, அன்று மாலையே மீன்களை விட்டுவிடுவது பலரது வழக்கம். சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து நெகிழிப் பைகளில் வீடு வந்து சேரும் மீன்கள், முதல் இரண்டு நாள்கள் துள்ளித் திரிகின்றன. பின்னர் உணவை நாடாமல் ஒதுங்குகின்றன. நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. சில நாள்களில் ஒவ்வொன்றாக மடிகின்றன. நீரோ பளிங்குபோலக் காட்சியளிக்கிறது. நோய்வாய்ப்பட்ட மீனை விற்றுவிட்டனர் என்று வளர்ப்போர் எண்ணுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் உண்மைக் காரணம், நிறமின்றி நீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவே ஆகும்.

கழிவே நஞ்சாதல்

மீன்கள் தம் உடலில் தோன்றும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் வெளியேற்றுகின்றன. உண்ணப்படாமல் அடியில் தங்கும் உணவும், அழுகும் இலைகளும் அம்மோனியாவைத் தோற்றுவிக்கின்றன. குளத்தில் நீர்ப்பரப்பு பெரிது. அங்குள்ள சேறும் பாசியும் நீர்ச்செடிகளும் எண்ணற்ற நுண்ணுயிரிகளும் கழிவை உடனுக்குடன் ஏற்றுக்கொள்கின்றன. சில குடம் நீரே கொள்ளும் புதிய தொட்டியில் அவ்வாறு ஏற்றுக்கொள்வார் எவருமில்லை. மீன் தான் வெளியேற்றிய கழிவிலேயே வாழ நேர்கிறது.

நீரில் அம்மோனியா இரு நிலைகளில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனி ஓரளவு தீங்கு குறைந்தது. மின்னூட்டம் பெறாத அம்மோனியாவோ செவுள்களை ஊடுருவிச் சென்று கொல்லும் தன்மையுடையது. இவற்றின் விகிதத்தை நீரின் அமில காரத்தன்மையும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், பி.எச். மதிப்பு 7 ஆக உள்ள நீரில் மொத்த அம்மோனியாவின் 100 பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சுநிலையில் இருக்கும். அம்மதிப்பு 8 ஆக உயர்ந்தால் அது 5 பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எனவே ஒரே அளவு அம்மோனியா ஒரு தொட்டியில் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகவும், மற்றொன்றில் உயிர்கொல்லியாகவும் அமைகிறது.

இருபடி மாற்றம்

இந்நஞ்சை நீக்குவன நைட்ரேட்டாதலை நிகழ்த்தும் நுண்ணுயிரிகள். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டை வேறு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இரண்டாம் படியை நைட்ரோபேக்டர் நிகழ்த்துவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர் மீன்தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகையே என்று 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இடையில் தோன்றும் நைட்ரைட்டும் நஞ்சே. அது குருதியில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்கிறது. குருதி பழுப்பு நிறம் பெறுகிறது. நீரில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. இறுதியில் தோன்றும் நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அதனை நீர்ச்செடிகள் உணவாகக் கொள்கின்றன. எஞ்சியதை அவ்வப்போது நீர் மாற்றி அகற்றலாம்.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. உகந்த சூழலில் குடற்பாக்டீரியாவான ஈ. கோலி ஏறத்தாழ 20 நிமிடங்களில் இருமடங்காகப் பெருகும். நைட்ரேட்டாதல் நுண்ணுயிரிகளுக்கோ அதற்குப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் தேவைப்படுகிறது. ஆகவே புதிய தொட்டியில் முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும். அது தாழும்போது நைட்ரைட் உயரும். அதன்பின் நைட்ரைட்டும் தாழ்ந்து நைட்ரேட் பெருகும். இச்சுழற்சி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

தந்தை தொடங்கியதும் மகன் தொடர்ந்ததும்

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், இரு சிறு பொன்மீன்களை நீர்ச்செடியுடனும் நத்தைகளுடனும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அதன் முடிவுகளை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். செடி ஆக்சிஜனை அளித்தது. அழுகிய இலைகளை நத்தைகள் உண்டன. கலத்தினுள் உயிர்களின் சமநிலையை அவர் கண்டார். அதன் நுண்ணிய பங்காளிகளை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் ஆகியோர் கழிவுநீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த குழாயின் வழியே செலுத்தினர். ஏறத்தாழ 20 நாள்கள் எம்மாற்றமும் இல்லை. அதன்பின் நைட்ரேட் தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியவுடன் மாற்றம் நின்றது. மண் கலந்த நீரைச் சிறிது சேர்த்ததும் நாளடைவில் அது மீண்டது. இதனால் நைட்ரேட்டாதல் உயிர்களின் செயல் என்பது புலப்பட்டது. வாரிங்டனின் மகனும் தந்தையின் பெயரையே கொண்டவர். அவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, இம்மாற்றம் இரு படிகளில், இரு வேறு உயிரிகளால் நிகழ்வதைக் கண்டறிந்தார். அவ்வுயிரிகளைத் தனித்துப் பிரிக்கும் பணி அவருக்குக் கைகூடவில்லை. 1890ஆம் ஆண்டளவில் விநோகிராட்ஸ்கி அதனை நிறைவேற்றினார்.

நீரைப் பேணும் முறை

மேற்கண்ட சோதனையிலேயே மீன்தொட்டியைப் பேணும் நெறிகள் அடங்கியுள்ளன. அந்த 20 நாள் காத்திருப்பு புதிய தொட்டிக்கும் வேண்டும். மீன் விடுமுன்பே சிறிதளவு அம்மோனியாவையோ மீனுணவையோ நீரில் இட்டு, நுண்ணுயிரிகளுக்கு இரை அளிக்கலாம். மண்நீர் செய்த பணியை, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு செய்யும்; அதில் ஒரு துண்டைப் புதிய வடிகட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும்.

குளோரோபார்ம் செய்த தீங்கைக் குழாய்நீரின் குளோரின் செய்யக்கூடும். காற்றேற்றி ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் கலந்த நீருக்கு அது போதாது. அதற்குரிய நீர்ச்சீராக்கியைப் பயன்படுத்த வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதே முறை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ நாலரை கிராம் ஆக்சிஜன் தேவைப்படுவதால், காற்றேற்றி ஓயாது இயங்க வேண்டும். இம்மாற்றத்தில் அமிலம் தோன்றி நீரின் பி.எச். மதிப்பு சரியும், அது மிகவும் சரிந்தால் நுண்ணுயிரிகளின் செயலும் தளரும். ஆதலால் அம்மதிப்பையும் இடையிடையே அளந்தறிதல் நன்று.

மீன்களை முன்னரே விட்டுவிட்டவர்கள் நாள்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்க வேண்டும். அளவு உயர்ந்தால், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரைக் கொண்டு நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மாற்ற வேண்டும். உணவையும் குறைக்க வேண்டும். அஞ்சித் தொட்டி முழுவதையும் காலிசெய்து, மணலையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவுவது பெருந்தவறு. நுண்ணுயிரிகள் நீரில் மிதப்பதினும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டியே மிகுதியாக வாழ்கின்றன. தூய்மை செய்வதாக எண்ணிக் கழுவுவோர், தூய்மை செய்யும் உயிர்களையே அகற்றிவிடுகின்றனர்.

இட்ட அம்மோனியா ஒரு நாளுக்குள் முற்றிலும் மறைந்து, நைட்ரைட்டும் இல்லாமல், நைட்ரேட் மட்டும் காணப்படுமாயின் தொட்டி பக்குவமடைந்தது எனக் கொள்ளலாம். நைட்ரேட் மிகுந்திருப்பின் நீரின் பெரும்பகுதியை மாற்றியபின், மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உயிர்கள் கூடும் அளவுக்கேற்ப நுண்ணுயிரிகளும் பெருக அவகாசம் வேண்டும்.

நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வயல் மண்ணிலும் இதே நுண்ணுயிரிகள் இதே பணியைச் செய்கின்றன. அவற்றை விரைவுபடுத்தும் ஆற்றல் மனிதருக்கு ஓரளவே உண்டு; அழிக்கும் ஆற்றலோ மிகுதி. சில வாரங்கள் வெறும் நீரைக் காத்து நிற்கும் பொறுமை, பின்னர் அந்நீரில் வாழவரும் ஒவ்வோர் உயிருக்கும் அளிக்கும் பாதுகாப்பாகும்.