பச்சை பொய் சொன்னால் கவச் என்ன செய்யும்?

ரயில்கள் மோதிக்கொண்டால் உடனே எழும் கேள்வி, ‘அந்தத் தடத்தில் கவச் இருந்ததா?’ என்பதுதான். இந்தியாவிலேயே உருவான இந்தத் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பின் முதல் வேலை, லோகோ பைலட் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. பனிமூட்டத்திலோ தூக்கக் கலக்கத்திலோ அவர் கவனிக்கத் தவறினாலும் வண்டி நின்றாக வேண்டும்.

தண்டவாளங்களுக்கு நடுவே, ஸ்லீப்பர் கட்டைகளில் சிறு ரேடியோ அட்டைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக்கின் அதே நுட்பம்தான். இங்கே அட்டை தரையில் கிடக்கிறது, படிக்கும் கருவி ஓடுகிறது. அட்டையைக் கடக்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பது எஞ்சினுக்குத் தெரிந்துவிடும். அடுத்த அட்டை வரும்வரை சக்கரச் சுழற்சியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். முன்னே இருக்கும் சிக்னல் என்ன நிறம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நிலையத்துக் கோபுரம் ரேடியோவில் சொல்லும். வேகம் கூடுதலென்றால் கவச் முதலில் ஒலியெழுப்பும். ஓட்டுநர் அசையாவிட்டால் தானே பிரேக் போடும். 2022 மார்ச்சில் ரயில்வே அமைச்சரே ஏறிச் சென்ற சோதனையில், எதிரே இருந்த எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பே வண்டி தானாக நின்றது.

ஆனால் கவச் சிக்னலைத் தன் கண்ணால் பார்ப்பதில்லை. சிக்னலையும் தடம் மாற்றும் பாயின்ட்டையும் இணைத்து இயக்கும், நிலையத்தின் இன்டர்லாக்கிங் அமைப்பு சொல்வதை நம்புகிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் நடந்த விபத்தில் கோளாறே அங்கேதான். சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களில் பிழை. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விழுந்தது, பாயின்ட்டோ பக்கத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு 128 கி.மீ. வேகத்தில் நுழைந்த வண்டி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அந்தத் தடத்தில் கவச் இல்லை. இருந்திருந்தாலும் அதே பச்சையைத்தான் அதுவும் நம்பியிருக்கும் என்பது என் எண்ணம். லூப் லைன் அட்டையைப் படித்துத் தடம் மாறியதை உணர்ந்தால்கூட, அந்த வேகத்தில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டுமே!

ரயில்வே கேட்டில் சிக்கிய லாரியும் கவச்சின் கண்ணுக்குப் படாது.

போதாததற்கு, எந்தக் கருவியையும் அணைத்து வைக்க முடியும். 1997 செப்டம்பர் 19 அன்று லண்டனுக்கு அருகே சவுத்ஹாலில், சிவப்பைத் தாண்டிய விரைவு ரயில் ஒன்று குறுக்கே வந்த சரக்கு ரயிலில் மோதி 7 பேர் இறந்தார்கள். எச்சரிக்கும் கருவி, தானே பிரேக் போடும் கருவி இரண்டுமே அந்த ரயிலில் இருந்தன. முதலாவது பழுதாகித் துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டாவதை யாரும் இயக்கவே இல்லை.