40 மைக்ரானுக்குக் கீழே

கல் குவாரியில் ஓடும் பொக்லைனுக்குப் பம்ப் போய்விட்டது என்று கூப்பிட்டால், வருகிற மெக்கானிக் முதலில் டேங்க்கிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆயில் நல்லாத்தானே இருக்கு" என்பார். கண்ணுக்குத் தெரிந்த வரையில் அவர் சொல்வது சரி. ஆனால் 40 மைக்ரானுக்குக் குறைந்த துகள் மனிதக் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பம்பைத் தின்ற துகள்களில் பெரும்பாலானவை அதைவிடப் பல மடங்கு சிறியவையாக இருந்திருக்கும். அவை விரலுக்கும் தட்டுப்படாது.

அந்த அளவுத் துகள் ஏன் இவ்வளவு பொல்லாதது? ஹைட்ராலிக் பம்புக்குள் ஓடும் உலோகப் பாகங்களுக்கு நடுவே எப்போதும் ஓர் ஆயில் படலம் இருக்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றுத் தாண்டும். 20 டன் எக்ஸ்கவேட்டரின் பம்ப் 300 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. அத்தனை அழுத்தத்தில் ஆயில் வழிந்தோடாமல் இருக்க, பாகங்களை மிக நெருக்கமாகப் பொருத்தியாக வேண்டும். பிஸ்டன் பம்பில் சுழலும் சிலிண்டர் பிளாக்குக்கும் வால்வு பிளேட்டுக்கும் இடையே அரை மைக்ரானிலிருந்து 5 மைக்ரான் வரைதான் இடைவெளி. கியர் பம்பில் பல்லின் நுனிக்கும் உறைக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதேதான். செர்வோ வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலைச் சுற்றி 1 முதல் 4 மைக்ரான்.

இடைவெளியைவிடப் பெரிய துகள் அதற்குள் நுழையாது. மிகச் சிறியது ஆயிலோடு ஆயிலாக மறுபக்கம் போய்விடும். இடைவெளியின் அளவே உள்ள துகள்தான் உள்ளே போய், இரண்டு பரப்பையும் தொட்டுக்கொண்டு, அறுத்துக்கொண்டே வெளியேறும். குவாரித் தூசியில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண எஃகு அதற்குக் கீழே. அறுபட்டு உதிரும் இரும்புத் துணுக்கும் சும்மா இருப்பதில்லை. நசுங்கி இறுகி, எந்த உலோகத்திலிருந்து உதிர்ந்ததோ அதைவிடக் கெட்டியாகி, அடுத்த சுற்றில் இன்னொரு இடத்தை அறுக்கும்.

இந்தத் தேய்மானம் சத்தம் போடாது. ஆனால் கணக்கு கொடூரமானது: மெல்லிய இடுக்கு வழியே கசியும் ஆயிலின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. கசியும் ஆயில் சுமந்த அழுத்தமெல்லாம் வேலை செய்யாமல் வெப்பமாகிறது. வெப்பத்தில் ஆயில் இளகுகிறது, இளகிய ஆயில் இன்னும் கசிகிறது, படலம் இன்னும் மெலிகிறது. "காலையில நல்லா ஓடுது சார், சூடேறினா வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று ஆபரேட்டர்கள் சொல்லும் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. அந்த நிலையில் இன்ஜினைக் குறை சொல்லி டீசல் ஃபில்டரை மாற்றுகிறவர்களும் உண்டு.

துகள் கெடுக்கும் இன்னொரு விதமும் இருக்கிறது. வால்வு ஸ்பூல் கொஞ்ச நேரம் அசையாமல் அழுத்தத்தில் நின்றால், நுண்ணிய வண்டல் அதைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்ளும். ஸ்பூலைத் தள்ளுவது ஏசி மின்சாரத்தில் இயங்கும் சாலினாய்டு என்ற மின்காந்தம் என்றால், ஸ்பூல் முழுதாக நகராத வரை மிகையான மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருந்து காயில் எரியும். புதுக் காயில் போடுவார்கள், அதுவும் எரியும். எலக்ட்ரீஷியனுக்குத்தான் கெட்ட பெயர்.

கண்ணால் ஆகாது என்றால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 4406 என்ற தரம் அதற்காகவே வந்தது. ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் 4 மைக்ரானுக்கு மேற்பட்டவை எத்தனை, 6-க்கு மேற்பட்டவை எத்தனை, 14-க்கு மேற்பட்டவை எத்தனை என்று எண்ணி மூன்று குறியெண்களாக எழுதுவார்கள். 18/16/13 என்றால் முதல் வகை 1,300 முதல் 2,500 வரை, இரண்டாவது 320 முதல் 640 வரை, மூன்றாவது 40 முதல் 80 வரை. குறியெண் ஒன்று ஏறினால் துகள் எண்ணிக்கை இரு மடங்காகும். பிஸ்டன் பம்ப் உள்ள வண்டிக்கு 18/16/13 நல்ல சுத்தம்தான். அந்த ஆயிலையே நிமிடத்துக்கு 200 லிட்டர் வீதம் தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 26 கோடிக்குக் குறையாத துகள்களை விழுங்கித் துப்புகிறது. சுத்தமான ஆயிலுக்கே இந்தக் கணக்கு.

பலருக்கு நம்பவே முடியாத சேதி ஒன்று உண்டு. சீல் உடைக்காத புது டிரம்மில் வரும் ஆயில் பெரும்பாலும் இந்தத் தரத்தில் தேறாது. தயாரிக்கும் இடத்தில் எப்படி இருந்தாலும், குழாய், டேங்கர் லாரி, டிரம்மின் உட்சுவர், மூடி என்று ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் கொஞ்சம் அழுக்கை வாங்கிக்கொண்டு வருகிறது. மிச்சத்தை நம் பட்டறையின் புனலும் வாளியும் பார்த்துக்கொள்ளும். புது ஆயிலையும் ஃபில்டர் பொருத்திய சிறிய பம்ப் வண்டி வழியாகத்தான் டேங்க்கில் ஊற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது வியாபாரத் தந்திரம் இல்லை.

துகளை எண்ணுவது எப்படி என்ற கேள்விக்குள் ஒரு பாலைவனமே இருக்கிறது. எண்ணும் கருவியில் ஆயில் மெல்லிய இழையாக ஓடும். குறுக்கே ஓர் ஒளிக்கற்றை. துகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது விழும் நிழலை வைத்து அதன் அளவைக் கருவி சொல்லும். எவ்வளவு நிழலுக்கு எத்தனை மைக்ரான் என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்க, அளவு தெரிந்த தூசி வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து மண்ணை ஜெனரல் மோட்டார்ஸின் ஏசி பிரிவு சலித்து, வகை பிரித்து விற்றுவந்தது. கார்களின் ஏர் ஃபில்டரைச் சோதிப்பதற்கான தூசி அது. ஹைட்ராலிக் துறை அதையே தன் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. எந்த நாட்டில் ஆயில் சோதித்தாலும் கருவிக்குப் பாடம் அரிசோனா மண்ணில்தான்.

1992-இல் ஏசி அந்தத் தூசியைத் தயாரிப்பதை நிறுத்தியது. மாற்றுத் தூசி ஒன்றைத் தேடியபோது, அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் புதிதாக அளந்தது. அப்போதுதான் தெரிந்தது, பழைய அளவுகோலே கோணல் என்று. ஒளி நுண்ணோக்கியில் துகளின் நீண்ட பக்கத்தை அளந்து உருவாக்கிய அளவு அது. சிறிய துகள்களில் பலவற்றை அந்த நுண்ணோக்கி பார்க்கவே இல்லை. பழைய கணக்கில் 1 மைக்ரான் என்று சொல்லப்பட்ட துகள் உண்மையில் 4.2 மைக்ரான். 5 என்றது 6.4. 15 என்றது 13.6. ஐஎஸ்ஓ 4406-இல் 4, 6, 14 என்று யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்காத எண்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். 1999-இல் தரத்தைத் திருத்தியபோது பழைய 5-ம் 15-ம் 6 ஆகவும் 14 ஆகவும் மாறின. பழைய குறியெண்களை ஒரேயடியாகக் குப்பையில் போடாமலிருக்க இந்த ஏற்பாடு. கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று மெக்கானிக்குகளுக்கு வகுப்பெடுத்த துறை, பல ஆண்டுகள் தன் கருவியே சின்னத் துகளைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, தூசி உள்ளே எப்படிப் போகிறது? பெரிய வழி, டேங்க் மூச்சுவிடுவது. 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் ராடு ஒரு மீட்டர் வெளியே வந்தால், சிலிண்டருக்குள் ஏறக்குறைய 8 லிட்டர் இடம் காலியாகும். அதை நிரப்பும் ஆயில் டேங்க்கிலிருந்து போகிறது. டேங்க்கில் குறைந்த இடத்துக்குக் காற்று வருகிறது. ராடு உள்ளே போகும்போது அந்தக் காற்று வெளியேறும். எக்ஸ்கவேட்டர் கை நாள் முழுக்க நீளும், மடங்கும்; அத்தனை தடவையும் டேங்க் குவாரிக் காற்றை இழுக்கிறது. குறுக்கே நிற்பது பிரீதர் என்னும் கையகல மூடி ஒன்றுதான். வண்டியிலேயே மிக மலிவான, மிக அலட்சியப்படுத்தப்படும் பாகம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக் வண்டிகளின் பாடு இன்னும் மோசம். துளையிலிருந்து கம்ப்ரசர் காற்று மேலே வீசும் கருங்கல் மாவு வண்டி மேலேயே வந்து படிகிறது.

ராடு இன்னொரு வழி. அதைச் சுற்றியிருக்கும் சீலின் கதை பழையது: 1795-இல் ஜோசப் பிராமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கசிவை நிறுத்திய தோல் வளையம், அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே செய்தது என்பார்கள். அழுத்தம் கூடக்கூட அந்தத் தோல் தானே விரிந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இன்றைய பாலியூரித்தேன் சீலும் அதே உத்தியில்தான் நிற்கிறது. ஆனால் ராடை முழுதாக உலர்த்தித் துடைக்கும் சீல் நெடுநாள் தாங்காது. மெல்லிய ஆயில் படலம் ஒட்டிக்கொண்டுதான் ராடு வெளியே வர வேண்டும். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். உள்ளே திரும்பும்போது வாயிலில் இருக்கும் வைப்பர் சீல் தூசியைத் தடுத்து, ஆயிலை மட்டும் உள்ளே விட வேண்டும். மிக அழுத்தமாகத் துடைத்தால் ஆயிலும் வெளியே வழிந்து, சீல் கசிகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். லேசாகத் துடைத்தால் மண் உள்ளே போகும். வைப்பர் வடிவமைப்பு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் செய்யும் சமரசம். ராடின் குரோம் பூச்சில் கல் பட்டுக் கீறல் விழுந்தால் சமரசம் முடிந்தது.

மழைக்காலத்தில் தண்ணீர். வெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல் மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். பகலில் ஆயில் சூடாகி விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது இறுக்கிய மூடியின் திருகு வழியாகவே அந்த நீரை டிரம் உறிஞ்சும். டிரம்மைப் படுக்கையாக வைத்தாலே போதும். ஆயில் பால் போல வெளுத்துத் தெரிந்தால், அது கரைத்துக்கொள்ளக்கூடிய அளவைத் தண்ணீர் எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால், நன்கு சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்ய வேண்டிய காரியம்.

மிச்ச அழுக்கை நாமே போடுகிறோம். ஹோஸைக் கழற்றினால் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணிப்பது நம் பட்டறைப் பழக்கம். அந்த நூல் பிசிறு நேராக வால்வுக்குப் போகும். புது ஹோஸை அறுக்கும் மெஷின் ரப்பர் பொடியையும் கம்பித் துணுக்கையும் உள்ளேயே விட்டுவைக்கும். ஒரு பிளாஸ்டிக் மூடி, அறுத்தபின் ஹோஸுக்குள் காற்றால் சுடப்படும் ஒரு நுரைக்கட்டி என்று இவற்றுக்கான மருந்து அற்பமானது.

ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் "10 மைக்ரான் ஃபில்டர்" என்று பெட்டியில் எழுதியிருப்பதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. 1970-களில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இ. சி. ஃபிட்ச் குழுவினர் பல்சுற்றுச் சோதனை என்ற முறையை உருவாக்கினார்கள். தூசி கலந்த ஆயிலைத் திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியே ஓட்டி, முன்னால் எத்தனை துகள், பின்னால் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பதால் வகுத்தால் வருவது பீட்டா எண். 10 மைக்ரானில் பீட்டா 2 என்றால் பாதித் துகளைப் பிடித்துப் பாதியை விடுகிறது. 200 என்றால் 99.5 சதவீதம் பிடிக்கிறது. 1,000 என்றால் 99.9. மூன்றுமே கடையில் "10 மைக்ரான்" என்ற பெயரில் நிற்க முடியும். விலை வித்தியாசத்தைப் பார்த்து மலிவானதை வாங்குகிறவர் பீட்டா எண்ணையும் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

நல்ல ஃபில்டரிலும் ஒரு திருட்டு வழி இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, உள்ளிருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, ஆயிலை வடிகட்டாமலேயே அனுப்பிவிடும். இல்லாவிட்டால் ஃபில்டர் கிழியும். அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சிவந்தாலும் வண்டி நிற்பதில்லை, சத்தமும் வருவதில்லை. ஃபில்டரே இல்லாத வண்டியாக அது ஓடிக்கொண்டிருக்கும். பேப்பர் ஃபில்டரை டீசலில் அலசி, காற்றடித்துத் திரும்பப் போடுவது இன்னும் மோசம். பிடித்த அழுக்கில் ஒரு பகுதி சுத்தமான பக்கத்துக்கே தள்ளப்படுகிறது, காகிதமும் கண்ணுக்குத் தெரியாமல் கிழிகிறது.

பெரிய ஆலைகளில் தனி ஏற்பாடு உண்டு. முக்கிய இயந்திரம் ஓடினாலும் நின்றாலும், சின்ன பம்ப் ஒன்று டேங்க்கிலிருந்து ஆயிலை எடுத்து, நுண்ணிய ஃபில்டரில் மெதுவாக விட்டு, டேங்க்குக்கே திருப்பும். டயாலிசிஸ் மாதிரி. பெயரே கிட்னி லூப்தான். ஆயில் சீராக, நிதானமாக ஓடுவதால், அதிரும் மெயின் லைனில் வைத்த ஃபில்டரைவிட இது நன்றாகப் பிடிக்கிறது.

பம்ப் உடைந்தபின் புதுப் பம்பை மட்டும் மாட்டிவிட்டு ஓட்டுவதுதான் இந்தத் தொழிலில் மிகச் செலவான சிக்கனம். உடைந்த பம்பின் இரும்பும் வெண்கலமும் டேங்க்கின் அடியிலும் கூலரின் குழாய்களிலும் சிலிண்டர்களிலும் பதுங்கியிருக்கும். எல்லாவற்றையும் கழுவி, ஆயிலை ஃபில்டர் வழியே சுற்றவிட்டு, எண்ணிப் பார்த்தபின்தான் பளு ஏற்ற வேண்டும். லட்சங்களில் விலையுள்ள பம்ப் சில வாரங்களில் மறுபடி போனால், டீலர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

ஆயில் சாம்பிள் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நின்றுபோன வண்டியின் டிரெய்ன் பிளக்கைத் திறந்து பிடித்தால் அடியில் தேங்கிய வண்டல்தான் வரும். வண்டி ஓடிச் சூடானபின், திரும்பும் லைனில், ஃபில்டருக்கு முன்னால், சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். லேப் அறிக்கையில் ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது போன தடவையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே சேதி. செம்பு ஏறினால் பிஸ்டன் ஷூ அல்லது வால்வு பிளேட் பக்கம் தேய்கிறது. சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறினால் மண் நுழைகிறது. பம்பைப் பிரிக்கும் முன் பிரீதரையும் வைப்பர் சீல்களையும் பாருங்கள். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறியிருந்தால், போன சர்வீஸில் யாராவது கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.